மதிலுக்கு வெளியே யார் பொறுப்பு?
திருவனந்தபுரத்தின் நடைபாதைகளும் சொத்து உடைமையாளரின் கடமையும்

பனி விழும் நாடுகளில் ஒரு கேள்விக்குச் சட்டமே விடை எழுதி வைத்திருக்கிறது. வீட்டுக்கு முன்னால் உள்ள நடைபாதையில் பனி படிந்தால் அதை அகற்ற வேண்டியவர் வீட்டுக்காரரா, மாநகராட்சியா? அகற்றாமல் விட்டதால் ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் செலவு யாருடையது? ஒவ்வொரு நகரமும் ஒவ்வொரு விதமாக விடை சொல்கிறது. ஆனால் விடை இல்லாத நகரம் அரிது.

திருவனந்தபுரத்தில் பனி விழாது. இங்கே எடவப்பாதியும் துலாவர்ஷமுமாக இரண்டு மழைக்காலங்கள் உண்டு. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மழை நின்ற பிறகு இன்டர்லாக் கற்களில் பாசி பிடிக்கிறது. மதிலோரம் செம்மண் கரைந்து வழிகிறது. ஓடையை மூடிய ஸ்லாப் ஒன்று உடைந்தால், தேங்கிய தண்ணீரில் அந்தப் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. காலடியில் இருப்பது பனிக்கட்டியா பாசியா என்பதில்தான் வேறுபாடு, கேள்வி ஒன்றே. ஆனால் இங்கே, யார் பொறுப்பு என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுகிறார். அந்தக் கைகாட்டலுக்கு இந்த நகரம் ஓர் உயிரையே விலையாகக் கொடுத்திருக்கிறது.

உடைமையாளரின் கடமை எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதை நகரத்தின் வரலாறு, நாட்டின் சட்டம், பனிநாடுகளின் அனுபவம் ஆகிய மூன்றையும் வைத்து இக்கட்டுரை பார்க்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தன் சொத்திலிருந்து வெளியே வரும் எதற்கும் உடைமையாளர்தான் பொறுப்பு. நடைபாதைக்கு அரசுதான் பொறுப்பு. இவ்விரண்டையும் கலந்துவிட்டால் இரண்டுமே நடக்காது.

தெருவும் மதிலும்

கிழக்கே கோட்டைக்குள் பத்மநாபசுவாமி கோவிலைச் சுற்றிய தெருக்களிலும், கரமனை, வலியசாலை அக்ரஹாரங்களிலும் வீடுகள் ஒட்டிக்கொண்டு வரிசையாக நிற்கின்றன. அங்கே தெருதான் வாசல். விடியற்காலையில் தண்ணீர் தெளித்துப் பெருக்கிக் கோலம் போடும் வழக்கத்தில், ஒவ்வொரு வீடும் தன் அகலத்துக்குத் தெருவைச் சுத்தம் செய்துவிடும். இதற்குச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. வீட்டின் அமைப்பே கடமையை வகுத்துவிட்டது.

நகரத்தின் மற்றப் பகுதிகள் வேறு விதமானவை. வீடு நிலத்தின் நடுவில் இருக்கும்; சுற்றிலும் மதில், முன்னால் கேட். உள்ளே முற்றத்தைத் தினமும் பெருக்குவார்கள், ஓர் இலைகூடக் கிடக்காது. மதிலுக்கு வெளியே இருப்பது அரசாங்கத்தின் இடம் என்பது பொதுவான எண்ணம். குன்றும் பள்ளமுமான இந்த ஊரில் மேட்டு வளாகங்களின் தண்ணீர் கேட் வழியாகத் தெருவுக்கு இறங்கி, ஓடையில் சேர்ந்து, தம்பானூர், கிழக்கே கோட்டை போன்ற தாழ்ந்த இடங்களுக்குப் போகிறது. நடைபாதை பெரும்பாலும் அந்த ஓடையின் மேல் போட்ட ஸ்லாப்தான். ஆகவே இங்கே வடிகாலும் நடைபாதையும் தனித்தனிக் காரியங்கள் அல்ல. ஒன்று அடைத்தால் மற்றது முங்கும்; ஒன்றின் மூடி உடைந்தால் மற்றதில் நடப்பவர் விழுவார்.

பழைய வாசல் வழக்கத்தைப் பாராட்டும்போது அதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். திருவிதாங்கூரில் பொதுத்தெரு எல்லோருக்கும் பொதுவாக இருந்ததில்லை. 1893-ல் வெங்கானூரைச் சேர்ந்த அய்யன்காளி, தம் மக்களுக்கு மறுக்கப்பட்ட பொதுச்சாலையில் வில்லுவண்டி ஓட்டிச் சென்றார். 1924 மார்ச் 30-ல் தொடங்கிய வைக்கம் சத்தியாக்கிரகமும் கோவிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்கான போராட்டம்தான். அதற்காகப் பெரியார் இருமுறை சிறை சென்றார். தெருவோரத்தில் வீடு வைத்திருப்பவருக்கே தெருவின்மேல் அதிகாரம் என்ற எண்ணத்தை உடைக்க இவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது. எனவே நடைபாதையைப் பார்த்துக்கொள்ளும் கடமையை உடைமையாளரிடம் தரும்போது, அது உரிமையாக மாறிவிடாமல் காக்க வேண்டும். கடைக்காரர் தன் முன்பக்கத்தைப் பெருக்கலாம். அதற்காக அங்கே சரக்கை அடுக்கவோ, நடந்துபோகிறவரையும் உட்கார்ந்து விற்கிறவரையும் விரட்டவோ அவருக்கு உரிமை வந்துவிடாது. தெருவோர வியாபாரிகளின் இடத்தை முடிவு செய்ய 2014-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன்கீழ் நகர விற்பனைக் குழுவும் இருக்கின்றன.

சட்டத்தில் உள்ளது என்ன

உடைமையாளருக்குக் கடமையே இல்லை என்று நினைப்பது தவறு. 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 283-ஆம் பிரிவே இதைப் பேசியது. தன் வசமுள்ள, அல்லது தன் பொறுப்பிலுள்ள சொத்தை ஒழுங்காக வைக்கத் தவறி, அதனால் பொதுவழியில் ஆபத்தோ தடையோ காயமோ விளைவித்தால் அது குற்றம். செய்த செயல் மட்டுமல்லாமல், செய்யத் தவறியதும் இதில் அடங்கும். அபராதம் 200 ரூபாயாகவே தங்கிவிட்டதால் பிரிவு செத்த எழுத்தாகிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சம்ஹிதையில் இதுவே 285-ஆம் பிரிவு. அபராதம் 5,000 ரூபாய் வரை.

மரங்களைப் பற்றிய நெறி இன்னும் தெளிவானது. டெல்லியில் சாலையோர மரக்கிளை முறிந்து விழுந்து வண்டியில் போனவர் இறந்த வழக்கில், 1999-ல் உச்ச நீதிமன்றம் மாநகராட்சியைப் பொறுப்பாக்கியது. மரத்தின் உடைமையாளர் அதை அவ்வப்போது சோதித்துப் பார்த்து, ஆபத்தைத் தடுக்கக் கடமைப்பட்டவர் என்பதே அதன் சாரம். அங்கே உடைமையாளர் அரசு அமைப்பு. நெறியோ எல்லா உடைமையாளருக்கும் பொது. கேரளத்தில் மழைக்காலத்துக்கு முன்பு மாவட்ட ஆட்சியர்கள் 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் இதைத்தான் ஆணையாக வெளியிடுகிறார்கள். தனியார் நிலத்தில் சாய்ந்து நிற்கும் மரத்தையும் கிளையையும் உடைமையாளர் தம் செலவில் வெட்ட வேண்டும்; தவறினால் விளையும் சேதத்துக்கு அவரே பொறுப்பு. சாலைக்குமேல் சாய்ந்த தென்னைகள் நிறைந்த ஊரில் இது உயிர் காக்கும் ஆணை.

குப்பையைப் பொறுத்தவரை, 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் தெருவிலோ ஓடையிலோ நீர்நிலையிலோ யாரும் குப்பை போடக்கூடாது என்றன. மும்பையின் 2006-ஆம் ஆண்டுத் தூய்மைத் துணைவிதிகள் ஒரு படி மேலே போய், கட்டடத்தை ஒட்டிய பொது இடத்தில் குப்பை சேராமல் பார்த்துக்கொள்ளும் கடமையைக் கட்டடத்தில் இருப்பவரிடமே தந்தன. கேரளத்தின் 2023-ஆம் ஆண்டுப் பொதுச்சுகாதாரச் சட்டம், கொசு பெருகும்படி வளாகத்தை வைத்திருப்பதைத் தண்டனைக்குரியதாக்கியது. டெங்கியும் எலிக்காய்ச்சலும் மழையோடு வரும் ஊரில், தேங்கிய தண்ணீர் ஒரு வீட்டின் சொந்த விஷயமாக இருக்க முடியாது.

அரசின் கடமையைச் சொல்லும் தீர்ப்புகள் இவற்றைவிட அழுத்தமானவை. மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகரில், திறந்த சாக்கடையின் நாற்றம் தாங்காமல் குடியிருப்போர் வழக்குப் போட்டார்கள். பணம் இல்லை என்றது நகராட்சி. பாலக்காட்டில் பிறந்து, 1957-ல் கேரளத்தின் முதல் அமைச்சரவையிலும் இருந்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1980-ல் அந்தச் சாக்கை ஏற்க மறுத்தார். கண்ணியமான வாழ்வுக்குத் தேவையான அடிப்படைச் சுகாதாரத்தைப் பணமில்லை என்று சொல்லித் தள்ளிவைக்க முடியாது என்பது அத்தீர்ப்பு. 2025 மே 14-ல் உச்ச நீதிமன்றம், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றும், மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அது இருக்க வேண்டும் என்றும் சொன்னது. இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி நடைபாதையில் தடையற்ற அகலம் 1.8 மீட்டராவது வேண்டும். பழவங்காடியிலிருந்து சாலைக் கடைத்தெரு வரை நடந்து பார்ப்பவருக்கு, அந்த 1.8 மீட்டர் எத்தனை இடத்தில் மிஞ்சியிருக்கிறது என்பது தெரியும்.

ஆமையிழஞ்சான் தோடு சொல்லும் பாடம்

சட்டம் இவ்வளவு இருந்தும் பொறுப்பு எப்படி நழுவுகிறது என்பதை 2024 ஜூலை 13 காட்டியது. தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடுகிறது ஆமையிழஞ்சான் தோடு என்னும் கால்வாய். தண்டவாளங்களுக்குக் கீழே உள்ள சுரங்கப்பகுதியில் அடைத்த குப்பையை அகற்ற ஒப்பந்தத் தொழிலாளர்கள் இறக்கப்பட்டார்கள். திடீரென்று பெய்த மழையில் தண்ணீர் பெருகி ஒரு தொழிலாளியை இழுத்துச் சென்றது. தீயணைப்புப் படையும் நீச்சல் வீரர்களும் கடற்படையும் தேடினார்கள். ஏறத்தாழ 46 மணி நேரத்துக்குப் பிறகு, ஜூலை 15 அன்று, தகரப்பறம்புக்கு அருகே அவர் உடல் மிதந்தது.

அவரைத் தேடிக்கொண்டிருந்தபோதே வாதம் தொடங்கிவிட்டது. தோடு ரயில்வே நிலத்துக்குள் போகும் பகுதியைச் சுத்தம் செய்வது ரயில்வேயின் கடமை என்றது மாநகராட்சித் தரப்பு. குப்பை எங்களுடையதல்ல, நகரத்திலிருந்து அடித்து வருவது என்றது ரயில்வே தரப்பு. உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது.

அந்த வாதத்தில் இரு தரப்பும் சொன்னதில் உண்மை உண்டு. தோடு ரயில்வே நிலத்தின் அடியில்தான் ஓடுகிறது. குப்பையில் பெரும்பகுதி மேலிருந்துதான் வருகிறது. தனித்தனியே உண்மையான இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் ஒரு மனிதர் செத்துப்போனார். தெருவில் ஒரு ஸ்லாப் உடைந்து கிடப்பதன் கதையும் அளவில் சிறிய இதே கதைதான். சாலை பொதுப்பணித்துறையுடையதாக இருக்கும், அல்லது கேரளச் சாலை நிதி வாரியத்துடையதாக இருக்கும். உட்தெரு மாநகராட்சியுடையது. தோண்டியது குடிநீர் ஆணையமாக இருக்கும். கம்பம் மின்வாரியத்துடையது. கேட்டுக்கு முன்னால் ஓடையின்மேல் சரிவு கட்டி நடைபாதையை உயர்த்தியவர் வீட்டுக்காரர். விழுந்தவருக்கு இதில் யாரைக் கேட்பது என்று தெரியாது.

பொறுப்பை ஒரே கையில் சேர்த்தால் என்ன நடக்கும் என்பதையும் இந்நகரம் பார்த்திருக்கிறது. தம்பானூரும் கிழக்கே கோட்டையும் ஒவ்வொரு மழைக்கும் முங்கிக்கொண்டிருந்த நிலையில், 2015-ல் மாவட்ட நிர்வாகம் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் அதிகாரத்தோடு ‘ஆபரேஷன் அனந்தா’வைத் தொடங்கியது. ஓடைகளின்மேல் எழுந்த கட்டுமானங்கள் பல இடிக்கப்பட்டன. மண் மூடிக் கிடந்த வடிகால்கள் திறக்கப்பட்டன. துறைகளின் எல்லைக்கோடுகள் ஓர் அதிகாரத்தின்கீழ் வந்ததால்தான் அது முடிந்தது. ஆனால் அது ஓர் இயக்கமாக வந்தது, நிலையான ஏற்பாடாக நிற்கவில்லை. அதனால்தான் ஒன்பது ஆண்டுகள் கழித்து அதே தம்பானூரில் அந்தச் சாவு நேர்ந்தது.

பனிநாடுகள் எப்படிச் செய்கின்றன

ஆஸ்திரியாவின் சாலைப் போக்குவரத்துச் சட்டம், ஊருக்குள் சொத்து வைத்திருப்பவர் தன் எல்லையிலிருந்து மூன்று மீட்டருக்குள் உள்ள நடைபாதையைக் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை பனியும் வழுக்கலும் இல்லாமல் வைத்திருக்க வேண்டும் என்கிறது. ஜெர்மனியில் உள்ளாட்சிகள் தங்கள் விதிகளின் மூலம் இக்கடமையைச் சொத்துக்காரர்களுக்கு மாற்றித் தருகின்றன. நியூயார்க் நகரத்தில் பகலில் பனி நின்றால் 4 மணி நேரத்துக்குள் அகற்ற வேண்டும். 2003 முதல் அங்கே நடைபாதையில் விழுந்து அடிபட்டவருக்கு இழப்பீடு தரும் பொறுப்பும் பொதுவாகச் சொத்துக்காரருடையது. ஆனால் மூன்று குடும்பங்கள் வரை வசிக்கும், உரிமையாளரே குடியிருக்கும் வீடுகளுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. பெரிய வணிகக் கட்டடத்தையும் சிறிய குடும்ப வீட்டையும் ஒரே தராசில் நிறுத்தக்கூடாது என்ற நியாயம் அதில் இருக்கிறது. இங்கிலாந்தில் அப்படிச் சட்டக்கடமையே இல்லை. வீட்டுக்கு முன்னால் பனியை அகற்றினால் வழக்கு வந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம் என்று அரசே மக்களுக்கு அறிவுரை சொல்கிறது.

நம் மக்கள் ஏராளமாக வாழும் டொரன்டோவின் அனுபவம் இங்கே மிகவும் பயன்படும். ஸ்கார்பரோ போன்ற புறநகர்ப் பகுதிகளில் மாநகராட்சியே இயந்திரங்களைக் கொண்டு நடைபாதையைச் சுத்தம் செய்துவந்தது. பழைய நகரின் குறுகிய தெருக்களில் அது 12 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் செய்ய வேண்டிய வேலையாக இருந்தது. பத்து வீடுகளில் ஒன்பது வீட்டார் அகற்றி, ஒருவர் விட்டுவிட்டால், சக்கர நாற்காலியில் வருபவருக்கு அந்தத் தெரு முழுவதும் மூடியதுதான். இதை உணர்ந்து 2021 முதல் சிறிய இயந்திரங்கள் வாங்கி, உள்நகர நடைபாதைகளையும் மாநகராட்சியே ஏற்றுக்கொள்ளத் தொடங்கியது.

ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டு ஒரு வழக்கில் இன்னும் நுணுக்கமான கோடு ஒன்றைப் போட்டது. மாநகராட்சியின் நடைபாதையில் இயல்பாக விழுந்த பனிக்கு, பக்கத்து வீட்டுக்காரர் விழுந்தவருக்கு இழப்பீடு தரக் கடமைப்பட்டவர் அல்லர். ஆனால் தன் சொத்திலிருந்து தண்ணீரோ வேறு ஆபத்தோ நடைபாதைக்கு வழிந்தால் அவர் பொறுப்பு. நடைபாதையைத் தன் இடம்போல் ஆக்கிக்கொண்டிருந்தாலும் அவர் பொறுப்பு. நம் மழைக்கும் நம் மதிலுக்கும் இதைவிடப் பொருத்தமான நெறியை நான் பார்க்கவில்லை.

கடமையின் எல்லை

நடைபாதை முழுவதையும் உடைமையாளரிடம் ஒப்படைத்துவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. நகராட்சிக்கு ஆள் இல்லை, பணம் இல்லை, வீட்டுக்காரருக்குத்தான் அக்கறை இருக்கும் என்பது அவர்கள் வாதம். இதில் மூன்று இடர்கள் இருக்கின்றன.

முதலாவது, யாரால் முடியும் என்பது. இந்தியாவிலேயே முதியோர் விகிதம் மிக அதிகமுள்ள மாநிலம் கேரளம். பிள்ளைகள் வளைகுடாவிலும் பெங்களூரிலும் இருக்க, எழுபது வயதைத் தாண்டியவர்கள் தனியே வாழும் வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு. 2011 கணக்கெடுப்பின்போது மாநிலத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. பூட்டிய வீட்டின் முன்னால் பாசியைச் சுரண்ட யார் வருவார்?

இரண்டாவது, பாதுகாப்பு. ஸ்லாப்பைத் தூக்குவதும் ஓடைக்குள் இறங்குவதும் பயிற்சியும் கருவியும் வேண்டிய வேலை. அந்தக் கடமையை வீட்டுக்காரரிடம் தந்தால், அவர் நாள்கூலிக்கு ஒருவரைப் பிடித்து இறக்குவார். ஆமையிழஞ்சான் தோட்டில் நடந்தது வீட்டுக்கு வீடு நடக்கும்.

மூன்றாவது, தரம். ஒரு தெருவின் நடைபாதை தொடர்ச்சியாக இருந்தால்தான் அது நடைபாதை. ஒவ்வொருவரும் தன் அகலத்துக்குத் தனக்குப் பிடித்த உயரத்தில் கல் பதித்தால், பார்வையற்றவருக்கும் தடியூன்றி நடப்பவருக்கும் ஒவ்வொரு கேட்டிலும் ஒரு தடுக்கல்.

அதற்காக உடைமையாளரை விட்டுவிடவும் முடியாது. தெருவில் உள்ள தொல்லைகளில் கணிசமான பகுதி மதிலுக்கு உள்ளேயிருந்து வருகிறது. கூரைத் தண்ணீரைக் குழாய் வைத்து நேரே தெருவில் விடுவது, சமையலறைக் கழிவுநீரை மழைநீர் ஓடையில் இணைப்பது, கேட்டுச் சரிவை ஓடையின் குறுக்கே கட்டுவது, வீடு கட்டும்போது எம்-சாண்டையும் ஜல்லியையும் மாதக்கணக்கில் நடைபாதையில் கொட்டி வைப்பது, சாய்ந்த மரத்தைக் கண்டும் காணாமல் விடுவது, கடையின் பலகையை வெளியே நிறுத்துவது. இவை எல்லாமே உடைமையாளர் செய்பவை, அவரால் நிறுத்தக்கூடியவை. புதிய கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு 2004 முதலே கேரளக் கட்டட விதிகளில் கட்டாயம். அந்தத் தொட்டிகள் உண்மையிலேயே வேலை செய்தால், தெருவுக்கு இறங்கும் தண்ணீரே குறையும்.

இந்நகரத்து மக்களுக்குப் பொதுவழியில் அக்கறை இல்லை என்ற பேச்சையும் நான் ஏற்கவில்லை. ஆற்றுக்கால் பொங்கல் அன்று லட்சக்கணக்கான பெண்கள் நடைபாதையிலும் சாலையோரத்திலும் செங்கல் அடுப்பு வைக்கிறார்கள். முன்பின் தெரியாதவர்களுக்கு வீட்டுக்காரர்கள் கேட்டைத் திறந்துவைத்துத் தண்ணீரும் கழிப்பறையும் தருகிறார்கள். பொங்கல் முடிந்த சில மணி நேரத்தில் மாநகராட்சித் தொழிலாளர்கள் சாலைகளைக் கழுவிவிடுகிறார்கள். மிஞ்சிய செங்கற்கள் ஏழைகளின் வீடு கட்டப் போகின்றன. தன் பங்கு எது, மாநகராட்சியின் பங்கு எது என்பது எல்லோருக்கும் தெரிந்திருப்பதால் இது நடக்கிறது. அந்தத் தெளிவு ஆண்டின் மற்ற நாட்களுக்கும் வேண்டும்.

செய்ய வேண்டியவை

ஒன்று, ஒவ்வொரு சாலையின் நடைபாதைக்கும் ஓடைக்கும் பொறுப்பான துறையையும் பொறியாளரின் பதவியையும் தொலைபேசி எண்ணையும் பலகையில் எழுதி அங்கேயே வைக்க வேண்டும். சாலைப் பராமரிப்பு ஒப்பந்தங்களுக்குக் கேரளப் பொதுப்பணித்துறை 2021 முதல் இப்படிப் பலகை வைத்துவருகிறது. அதே முறை நடைபாதைக்கும் வர வேண்டும். எந்தத் துறை தோண்டினாலும், புகார் கேட்டுத் தீர்க்கும் அலுவலகம் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

இரண்டு, உடைமையாளரின் கடமைகளை ஒரே பக்கத்தில், மலையாளத்திலும் தமிழிலும், மாநகராட்சி துணைவிதியாக வெளியிட வேண்டும். மேலே சொன்ன கூரைநீர், கழிவுநீர், கேட்டுச் சரிவு, மரம், கட்டுமானப் பொருள், கடைச்சரக்கு ஆகியவை போதும். அதற்கு மேல் ஒன்றும் சேர்க்க வேண்டாம். முதலில் அறிவிப்பு, பிறகு அவகாசம், பிறகுதான் அபராதம்.

மூன்று, தகுதிக்கேற்ற பொறுப்பு. தனியே வாழும் முதியோரும் ஏழைகளும் கேட்டால் மாநகராட்சியே மரத்தை வெட்டித் தர வேண்டும். மால்கள், மருத்துவமனைகள், திருமண மண்டபங்கள், அடுக்குமாடிகளுக்குக் கடமை முழுமையாக வேண்டும். தலைநகரத்தில் சொத்து மிகுதியாக வைத்திருக்கும் அரசுத் துறைகளுக்கும் ரயில்வேக்கும் அதே கடமை, அதே அபராதம்.

நான்கு, ஒவ்வோர் ஆண்டும் எடவப்பாதிக்கு முன், மே மாதத்துக்குள், வார்டு உறுப்பினரும் பொறியாளரும் குடியிருப்போர் சங்கத்தினரும் சேர்ந்து தெருத்தெருவாக நடந்து ஸ்லாப், மரம், சரிவு ஆகியவற்றைப் பதிவு செய்ய வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவர் ஒருவராவது அந்தக் குழுவில் இருக்க வேண்டும். ஓடைக்குள் மனிதரை இறக்கும் வேலை எந்தப் பெயரிலும் கூடாது.

ஐந்து, விழுந்தவருக்கு உடனடி இழப்பீடு. குழியிலும் திறந்த மேன்ஹோலிலும் விழுந்து இறந்தவர் குடும்பத்துக்கு 6 லட்சம் ரூபாயும், காயமடைந்தவருக்கு 50,000 முதல் 2.5 லட்சம் ரூபாய் வரையும் தர வேண்டும் என்று மும்பை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் ஆணையிட்டது. திருவனந்தபுரமும் அப்படி ஒரு நிதி வைக்கட்டும். விழுந்தவருக்கு முதலில் பணம் கொடுத்துவிட்டு, எந்தத் துறையின் அல்லது எந்த உடைமையாளரின் தவறு என்பதைப் பிறகு கணக்குப் பார்த்து, அவரிடமிருந்து மாநகராட்சி வசூலித்துக்கொள்ளலாம். பொறுப்பைத் தீர்மானிக்கும் சுமை அடிபட்டவர் தலையில் இருக்கும்வரை, ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கைகாட்டிக்கொண்டுதான் இருப்பார்கள். அந்தச் சுமையை அவரிடமிருந்து இறக்கினால், பணம் கொடுக்க வேண்டியவர்களே ஸ்லாப்பை நேரத்தில் மாற்றத் தொடங்குவார்கள். இந்த ஐந்தில் ஒன்றை மட்டும்தான் இப்போது செய்ய முடியும் என்றால், இந்த ஐந்தாவதிலிருந்து தொடங்க வேண்டும்.